மருந்துக்குச் சாகாத புழு: சோதிப்பது எப்படி?

[காட்சி: முட்டைக்கோஸ் வயல், சல்லடையான இலைகள்]

மருந்து அடித்து நான்கு நாளாயிற்று. புழு தின்றுகொண்டே இருக்கிறது. அளவைக் கூட்டி அடிக்கலாமா? பொறுங்கள். நாசில் அடைத்திருக்கலாம், மழை கழுவியிருக்கலாம், புழுவே மாறியும் இருக்கலாம். வயலில் நின்று பார்த்து இதைப் பிரித்துச் சொல்ல முடியாது.

[காட்சி: சிறகை மடக்கிய அந்துப்பூச்சி]

இது வைரமுதுகு அந்துப்பூச்சி. மருந்தை ஏமாற்றுவதில் பழம்பெருச்சாளி. இது டி.டி.டி.க்கு அடங்கவில்லை என்பது 1950களின் தொடக்கத்திலேயே ஜாவாவில் தெரிந்துவிட்டது. 1990இல் ஹவாயில் பி.டி. (Bt) என்ற பாக்டீரியாவிலிருந்து செய்த மருந்தும் தோற்றது. பிறகு டயமைடு மருந்துகள் வந்தன. பிலிப்பைன்ஸிலும் தாய்லாந்திலும் அவையும் சில ஆண்டுகளே தாங்கின.

[காட்சி: ஆய்வக மேசை, இலைத் துண்டுகள்]

சோதனை எளிது. முட்டைக்கோஸ் இலைத் துண்டை மருந்துக் கரைசலில் 10 விநாடி முக்கி, உலர்த்தி, அதில் வயல் புழுக்களின் குஞ்சுகளை விடுவார்கள். கரைசலின் அளவு முக்கியம்: மருந்தையே கண்டிராத ஆய்வகப் புழுக்களில் ஏறக்குறைய எல்லாவற்றையும் கொல்லும் அளவு அது. பக்கத்துத் தட்டில் வெறும் தண்ணீரில் முக்கிய இலை. அங்கேயும் புழுக்கள் நிறையச் செத்தால் அன்றைய உழைப்பு வீண்.

எண்ணுவதில்தான் சிக்கல். டயமைடு தசையைச் சுருக்கி முடக்கும். புழு உயிரோடு கிடக்கும், ஆனால் தின்னாது. தூரிகையால் தொட்டு, ஒழுங்காக நகராததையும் செத்த கணக்கில் சேர்ப்பார்கள்.

[காட்சி: 20 புழுக்கள், பிறகு 300]

நூற்றில் ஒரு புழுதான் தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். 20 புழுக்களைச் சோதித்தால் ஐந்தில் நான்கு முறை எல்லாமே செத்துவிடும், நாமும் நிம்மதியாக வீடு திரும்புவோம். அந்த ஒன்றை 95 சதவீத உறுதியுடன் பிடிக்க ஏறக்குறைய 300 புழுக்கள் வேண்டும்.

அதிலும் ஒரு கண்ணாமூச்சி. டயமைடைத் தாங்க, தாய்வழி, தந்தைவழி இரண்டிலும் மாறிய மரபணு வந்தாக வேண்டும். ஒன்று மட்டும் வந்த புழு பெரும்பாலும் செத்துப்போகும். ஆகவே வயல் புழுக்களிடம் உள்ள இந்த மரபணுவின் பிரதிகளில் பத்தில் ஒன்று மாறியிருந்தாலும் தட்டில் பிழைப்பது நூற்றில் ஒன்றுதான்.

[காட்சி: இனக்கவர்ச்சிப் பொறி, டி.என்.ஏ. வரிசை]

மறைந்திருக்கும் அந்த ஒற்றை மரபணுவை டி.என்.ஏ. சோதனை காட்டிவிடும். பொறியில் விழுந்த ஆண் பூச்சியே போதும். டயமைடு தாக்கும் ரயனோடின் ஏற்பி என்ற புரதத்தில் 4946ஆம் இடத்தில் கிளைசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் குளூட்டாமிக் அமிலம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

ஆனால் தேடியது மட்டுமே அதில் கிடைக்கும். பின்னர் சீனாவில் 4790ஆம் இடத்தில் வேறொரு மாற்றம் தென்பட்டது. 4946ஐ மட்டும் பார்ப்பவருக்கு அந்தப் பூச்சி சாதாரணப் பூச்சிதான். அதனால்தான் இலைத் துண்டையும் தூரிகையையும் ஆய்வகங்கள் இன்னும் மூட்டை கட்டவில்லை.