வெற்றிலைச் செல்லமும் எச்சில் பரிசோதனையும்

(காரைக்குடியில் பல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, ஆச்சிமார்களே, வணக்கம்.

வாசலில் தாம்பூலத் தட்டை நீட்டினார்கள். வாயைப் பற்றிப் பேச வந்தவனுக்கே தாம்பூலமா என்று சிரித்துக்கொண்டு வெற்றிலையை மட்டும் எடுத்தேன், பாக்கை விட்டுவிட்டேன். புகையிலைதான் கெடுதல், வெறும் பாக்கு செரிமானத்துக்கு நல்லது என்று நம் வளவுகளில் சொல்லிவருகிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட தொகுதியிலேயே, புற்றுநோயை உண்டாக்குபவை என்று உறுதியானவற்றின் பட்டியலில் பாக்கும் ஏறிவிட்டது. புகையிலை சேராமலேயே.

எங்கள் ஐயா முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து பாக்குவெட்டியால் சீவும் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. இடது கன்னத்தில்தான் அடக்குவார். அங்கேயே வெள்ளையாக ஒரு திட்டு வந்தது. துணியால் வழித்தாலும் போகவில்லை. பார்த்த டாக்டர் சூட்டுப் புண் என்று சத்து மாத்திரை கொடுத்தனுப்பினார். எட்டு மாதம் ஓடிவிட்டது. அப்புறம் தாடையில் பாதியை எடுக்க வேண்டியதாயிற்று.

சரி, திட்டு வந்தால் எல்லோருக்கும் புற்றுநோயா? இல்லை. பெரும்பாலானவை அப்படியே கிடக்கும். எது மாறும், எது சும்மா இருக்கும் என்பது கண்ணுக்குத் தெரியாது. பயோமார்க்கர், அதாவது நோயைக் காட்டிக்கொடுக்கும் உடல் அடையாளம், கைகொடுக்க வேண்டிய இடம் அதுதான். திட்டிலிருந்து கிள்ளியெடுத்த சதையில், மரபணுக்களைத் தாங்கும் குரோமோசோம்களில் 3-ஆம், 9-ஆம் குரோமோசோம்களின் குட்டைக் கைகளில் குறிப்பிட்ட துண்டுகள் தொலைந்திருந்தால் அந்தத் திட்டு மாறும் வாய்ப்பு அதிகம்.

கிள்ளவே வேண்டாம், துப்பிக் கொடுத்தால் போதும் என்பது அடுத்த ஆசை. இன்டர்லூகின்-8 என்ற புரதம், சைஃப்ரா 21-1 என்ற கெரட்டின் புரதத் துணுக்கு, மைக்ரோ ஆர்என்ஏ-21 என்ற குட்டி மரபுத் துணுக்கு எல்லாம் வாய்ப்புற்று நோயாளிகளின் எச்சிலில் கூடியிருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. இதில் ஒரு வில்லங்கம் உண்டு. ஈறு வீங்கினாலும் இன்டர்லூகின்-8 ஏறும். என் நாற்காலியில் வந்து உட்காருகிறவர்களில் ஈறு கெடாத வாயைப் பார்ப்பதே அபூர்வம்! நோயில்லாதவரையும் கலவரப்படுத்தும் சோதனையை வைத்து என்ன செய்ய? வீட்டிலேயே பார்க்கலாம் என்று யாராவது எச்சில் கிட் விற்க வந்தால், இன்றைக்கு நான் வாங்க மாட்டேன்.

அதுவரைக்கும் கண் இருக்கிறதே. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-இல் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள், அவ்வளவுதான். சந்தேகம் வந்தவர்களை மருத்துவரிடம் அனுப்பினார்கள். புகையிலையோ மதுவோ பழக்கமாக இருந்தவர்களிடையே வாய்ப்புற்றுச் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 2005-இல் முடிவு வந்தது.

போன மாதம் ஒருவர், "காரம் பட்டாலே எரிகிறது டாக்டர், வீட்டில் எனக்கு மட்டும் தனிக் குழம்பு" என்று பெருமையாகச் சொன்னார். வாயைத் திறக்கச் சொன்னேன், இரண்டு விரல்தான் நுழைந்தது. பாக்கினால் கன்னத்துச் சதை நாராகி இறுகியிருந்தது. நீங்களும் இப்போதே மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி நுழைத்துப் பாருங்கள். இரண்டு வாரமாகியும் ஆறாத புண் இருந்தாலும் சொல்லுங்கள், டார்ச் கொண்டுவந்திருக்கிறேன். பின் வரிசையில் முந்தானையால் வாயை மூடிக்கொண்ட ஆச்சி, நீங்கள் எழுந்துவர வேண்டாம், நானே வருகிறேன்.