கடல்நீரில் எத்தனை மில்லிகிராம் மண்?

மதுரை வானொலி நேயர்களுக்கு வணக்கம். மதுரைக்காரர்களுக்குக் கடல் சேற்றோடு என்ன வேலை என்று கேட்பீர்கள். இருக்கிறது. வைகை சுமந்து வரும் வண்டல் அணையில் கொஞ்சம், கண்மாய்களில் கொஞ்சம், ராமநாதபுரம் பெரிய கண்மாயில் கொஞ்சம் என்று தங்கிவிடும். பெருவெள்ளக் காலத்தில் மிச்சம் ஆற்றங்கரை ஊரருகே பாக் விரிகுடாவில் போய்ச் சேரும். அங்கே கடல் ஆழம் குறைவு என்பதால், காற்று கொஞ்சம் பலமாக அடித்தாலே அடிச்சேறும் கிளம்பிவிடுகிறது. தண்ணீர் கலங்கினால் அடியில் வளரும் கடற்புல்லுக்கு வெயில் எட்டாது. அந்தப் புல்லைத்தான் கடற்பசு மேய்கிறது. அதற்காகவே 2022இல் பாக் விரிகுடாவில் ஒரு காப்பகம் அறிவித்தார்கள்.

சரி, மிதக்கும் மண்ணை எப்படி அளப்பது? முறை எளிது. முதலிலேயே எடை பார்த்து வைத்த கண்ணாடி இழை வடிதாளில் ஒரு லிட்டர் கடல்நீரை வடிக்க வேண்டும். தாளைச் சுமார் 105 டிகிரி செல்சியஸில் உலர்த்தி, ஆறவைத்து, மறுபடி எடை போட்டால் கூடியிருப்பது மண். சொல்வதற்குச் சுலபம்தான், உப்புதான் படுத்தும். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. மண்ணோ பல நாட்களில் 20 மில்லிகிராம்கூடத் தேறாது. உப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு தாளில் ஒட்டிக்கொண்டாலே 35 மில்லிகிராம், கணக்கு தலைகீழ். அதனால் காய்ச்சி வடித்த நீரால் தாளை மறுபடி மறுபடி அலச வேண்டும். உப்பு ஒளிந்துகொள்வது பெரும்பாலும் வடிக்கும் புனலின் பிடியில் இருந்த தாளின் ஓரத்தில்தான். நடுவை மட்டும் அலசிவிட்டு ஓரத்தை மறப்பவர்கள் நிறைய. தாளைக் கையால் தொடவும் கூடாது, இடுக்கிதான்.

இவ்வளவு பாடு எதற்கு, கலங்கல்மானியை முக்கினால் நொடியில் எண் வந்துவிடுமே என்பீர்கள். வரும். ஆனால் அது எடை அல்ல, துகள்கள் எவ்வளவு ஒளியைச் சிதறடிக்கின்றன என்பதுதான். ஒரு பிடி மைதாவைத் தூவினால் எதிரே ஆள் தெரியாது, அதே எடை ரவையைத் தூவினால் தெரியும். களிமண்ணுக்கும் மணலுக்கும் அதே வித்தியாசம். ஆகவே ஒவ்வோர் இடத்திலும் தண்ணீர் எடுத்து, வடித்து, அந்த எடையோடு மானியின் எண்ணை ஒப்பிட்ட பிறகே நம்பலாம். அப்படிச் செய்யாத அறிக்கையில் வரும் மில்லிகிராமை நான் பொருட்படுத்துவதில்லை.

ஓஷன்சாட் வரிசைச் செயற்கைக்கோள்கள் கடலின் நிறத்தை வைத்து இதை மதிப்பிட உதவுகின்றன. பரந்த பரப்பை ஒரே பார்வையில் காட்டும், நல்லதுதான். ஆனால் ஆழம் குறைந்த தெளிந்த நீரில் அடிமணலின் வெளிச்சமும் சேர்ந்து ஏமாற்றும். அப்புறம், மண் அதிகம் வரும் வடகிழக்குப் பருவமழையில்தான் மேகமும் மூடும். படகும் போகாது. அந்த நாட்களுக்கு மானியைக் கடலடியிலேயே கட்டி விடுகிறார்கள். அதன் கண்ணாடியில் பாசியும் சிப்பியும் ஏறிக்கொள்ளும். தானாகத் துடைக்கும் கருவிகளும் உண்டு. இருந்தாலும் கடல் அடங்கியதும் ஆள் இறங்கிச் சுரண்டத்தான் வேண்டும். வணக்கம்.