சட்டம் ஒரு பக்கம், ஊர் ஒரு பக்கம்

எல்லோருக்கும் வணக்கம். கரீபியன் என்றதும் நமக்கு லாராவும் கெயிலும்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். இன்று கிரிக்கெட்டைக் கொஞ்சம் ஓரம் வைத்துவிட்டு, அங்கே தன்பாலை விரும்புகிறவர்கள், திருநங்கைகள் போன்ற குயர் மக்களைப் பற்றி எடுக்கப்பட்ட குறும்படங்களைப் பேசலாம்.

பஹாமாஸில் ஒருபாலுறவு குற்றம் என்ற சட்டத்தை 1991-லேயே எடுத்துவிட்டார்கள். நம்மூரில் அதே மாதிரியான சட்டப்பிரிவு 377-க்கு முடிவு வந்தது 2018-ல்தான், கணக்குப் போட்டுப் பாருங்கள். சரி, சட்டம் போயிற்று, தொல்லையும் போயிற்றா? 2006-ல் இரண்டு ஆண்களின் காதலைச் சொன்ன ‘புரோக்பேக் மவுன்டன்’ என்ற ஹாலிவுட் படத்தை அந்த நாட்டுத் திரைப்பட வாரியம் தடை செய்தது. காதலித்தால் குற்றமில்லையாம், அதைத் தியேட்டரில் பார்க்கத்தான் கூடாதாம்! அடுத்த வருடமே கரீம் மார்ட்டிமர் என்கிற உள்ளூர் இயக்குநர் ‘ஃப்ளோட்’ குறும்படத்தை எடுத்தார். தலைநகர் நாசாவ் நகரத்து ஓவியன் ஒருவன் எலூதரா தீவுக்குப் போகிறான், அங்கே இன்னொரு இளைஞன்மேல் காதல் வருகிறது, அவ்வளவுதான் கதை. இதையே 2010-ல் ‘சில்ட்ரன் ஆஃப் காட்’ என்று முழுநீளப் படமாக விரித்தபோது பாதிரியார் குடும்பம், எதிர்ப்புப் பிரசாரம் எல்லாம் உள்ளே வந்துவிட்டன. தப்பில்லை, நாட்டு நிலவரம் அதுதானே. ஆனாலும் அந்த இருவரை மட்டும் நிம்மதியாகப் பார்த்துக்கொண்டிருக்கக் குறும்படம்தான் தோது என்பது என் கட்சி.

கயானாவில் கதை தலைகீழ். ஆண்களுக்கிடையிலான உறவுக்கு ஆயுள் தண்டனை வரை கொடுக்கும் பழைய பிரிட்டிஷ் சட்டத்தை இன்னும் எடுத்தபாடில்லை. 2009-ல் பெண் உடை அணிந்ததற்காகத் திருநங்கைகள் சிலரைப் பிடித்துப் போனார்கள். மாஜிஸ்திரேட் அபராதம் போட்டதோடு நிற்காமல் சர்ச்சுக்குப் போகச் சொல்லி உபதேசமும் செய்தார். மாறு உடை அணிவதைத் தடுத்த அந்த 1893-ஆம் வருடச் சட்டத்தைக் கரீபிய நீதிமன்றம் ரத்து செய்ய 2018 ஆயிற்று. இதே கயானாவின் தலைநகர் ஜார்ஜ்டவுனில்தான் குயர் மக்களின் உரிமைக்காகப் போராடும் ‘சாஸோட்’ அமைப்பு 2005-லேயே குயர் திரைப்பட விழாவைத் தொடங்கிவிட்டது! துணிச்சல்தான்.

அப்புறம், வெளிநாட்டிலிருந்து வந்து எடுக்கும் ஆவணப்படங்களைப் பாருங்கள், பெரும்பாலும் அடி, ரத்தம், கடைசியில் டொராண்டோவுக்கோ லண்டனுக்கோ விமானம். நடப்பதைத்தான் காட்டுகிறார்கள், மறுக்கவில்லை, ஆனால் ஊரிலேயே இருந்து தொலைக்கிறவர்கள்தானே நிறைய பேர், அவர்கள் கதையை யார் எடுப்பது? அதனால்தான் எனக்கு கவின் ராமோதரின் ‘ஆன்ட்டிமேன்’ பிடித்தது. 2014-ல் வந்த கயானா குறும்படம். அனில் என்ற பையன், இந்திய வம்சாவளிக் குடும்பம். 1838 முதல் 1917 வரை கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் சந்ததிகள் அங்கே ஏராளம், நம் மதராஸ் துறைமுகத்தில் கப்பல் ஏறியவர்களும் அதில் உண்டு. அனிலுக்கு இன்னொரு பையன்மேல் ஆசை. அப்பாவுக்கோ இவன் கிரிக்கெட் ஆடி ‘ஆம்பளை’யாக வேண்டும். ஓரம் வைத்த கிரிக்கெட் திரும்ப வந்துவிட்டது பாருங்கள்.

இப்போது ‘ஆன்ட்டிமேன்’ பார்ப்போம், முடிந்ததும் கேள்வி நேரம். அந்த அப்பாவைப் பற்றித்தான் அதிகம் கேட்பீர்கள் என்று நினைக்கிறேன், கேளுங்கள், பேசுவோம்.