கடைசித் தாள் தொலைந்த சுவடி

நண்பர்களே, வீட்டில் பழைய தமிழ் பைபிள் இருக்கிறவர்கள் இன்றிரவு அதன் கடைசிப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். வெளிப்படுத்தின விசேஷம், 22ஆம் அதிகாரம், 19ஆம் வசனம். இந்தப் புத்தகத்திலிருந்து எதையாவது எடுத்துப்போட்டால், தேவன் உன் பங்கை 'ஜீவபுஸ்தகத்திலிருந்து' எடுத்துப்போடுவார் என்கிறது. கடுமையான எச்சரிக்கைதான். ஆனால் அந்தப் 'புஸ்தகம்' அங்கே வந்த விதம் வேடிக்கையானது.

ஆயிரம் வருஷமாக மேற்கு ஐரோப்பாவுக்கு பைபிள் என்றால் லத்தீன் பைபிள்தான். புதிய ஏற்பாட்டின் மூலம் கிரேக்கம் என்பது படித்தவர்களுக்குத் தெரியும், கிரேக்கம்தான் தெரியாது. 15ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் லொரென்சோ வல்லா இரண்டையும் ஒப்பிட்டுக் குறிப்புகள் எழுதினார். அவை லூவன் நகரத்தருகே ஒரு மடத்து நூலகத்தில் கிடந்தன. 1504இல் நெதர்லாந்து அறிஞர் எராஸ்மஸ் கண்ணில் பட்டன. மறுவருஷமே பாரிஸில் அச்சேறின.

அப்புறம் எராஸ்மஸ் தானே களத்தில் இறங்கினார். 1516இல் பாசல் நகரில், ஃப்ரோபன் அச்சகத்தில், கிரேக்கப் புதிய ஏற்பாடு வெளிவந்தது. லத்தீனில் 'தவம் செய்யுங்கள்' என்று படித்துவந்த இடத்தில், கிரேக்கம் 'மனம் மாறுங்கள்' என்றது. ஒரே ஒரு வினைச்சொல்! மறுவருஷம் ஜெர்மனியின் சபைச் சீர்திருத்தவாதி லூதர் எழுதிய 95 வாதங்களில் முதலிரண்டும் இந்தச் சொல்லைப் பற்றியவைதான்.

சரி, புஸ்தகத்துக்கு வருவோம். ஸ்பெயினில் ஒரு போட்டிப் பதிப்பு 1514லேயே அச்சாகி, போப்பின் அனுமதிக்குக் காத்திருந்தது. பாசலில் அவசரமோ அவசரம். வெளிப்படுத்தின விசேஷத்துக்கு எராஸ்மஸ் கையில் இருந்தது ஒரே சுவடி, ராய்க்லின் என்ற எபிரேய மொழி அறிஞரிடம் இரவல் வாங்கியது. அதில் கடைசித் தாளைக் காணோம். ஆறு வசனம் போச்சு. மனிதர் என்ன செய்தார் தெரியுமா? லத்தீனைப் பார்த்துத் தானே கிரேக்கத்தில் எழுதிச் சேர்த்துவிட்டார்! மூலத்துக்குப் போங்கள் என்று ஊரெல்லாம் சொன்னவர். இப்படிச் சேர்த்ததைத் தன் குறிப்புரையில் அவரே எழுதியும் வைத்தார். அதனால் எனக்கு அவர்மேல் கோபம் வருவதில்லை.

லத்தீனில் 'லிக்னோ' என்றால் மரம், 'லிப்ரோ' என்றால் புத்தகம். கிரேக்கச் சுவடிகளில் இருந்தது ஜீவ 'மரம்'. லத்தீனில் படியெடுத்தவர்கள் எங்கோ இரண்டு எழுத்தில் சறுக்க, எராஸ்மஸ் அந்தப் புத்தகத்தையே கிரேக்கமாக்கினார். அந்த வாசகம்தான் பதிப்புக்குப் பதிப்பு தொடர்ந்து நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு வரைக்கும் வந்தது. புது மொழிபெயர்ப்புகள் பலவற்றில் மரம் திரும்பிவிட்டது. பழையதில் இன்னும் புஸ்தகம்தான், அதுவும் ஒரு சொல்லைக்கூட மாற்றாதே என்று மிரட்டுகிற வசனத்திலேயே.