கீசர் மெதுவாகச் சூடாகிறதா? புதியது வாங்கும் முன் இதைப் பாருங்கள்

இதோ, கேமராவுக்குப் பக்கத்தில் பிடிக்கிறேன், நன்றாகப் பாருங்கள். வெள்ளையும் பழுப்புமாக, முட்டை ஓடு போலச் செதில் செதிலாக இருக்கிறதே, இவ்வளவும் எங்கள் வீட்டு கீசருக்குள்ளிருந்து வந்தது. வெறும் 15 லிட்டர் கீசர். ஒரு குவளை நிறைய அள்ளியாகிவிட்டது, மீதி வாளியின் அடியில் சேறாகக் கிடக்கிறது.

காலையில் சுடுதண்ணீர் ஊற்றினால்தான் அப்பாவுக்கு முழங்கால் மடங்கும் என்பது உங்களுக்குத் தெரியும். மார்கழி பிறந்ததிலிருந்து முக்கால் மணி நேரம் போட்டு வைத்தாலும் வெதுவெதுப்புதான். மெக்கானிக்கை அழைத்தேன். அவர் மூடியைக்கூடத் திறக்கவில்லை. குழாயில் கை வைத்தார், "காயில் போய்விட்டது, மாற்ற 2,800 ரூபாய் ஆகும், பேசாமல் புதிதாக வாங்கிவிடுங்கள்" என்றார். எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. தண்ணீரைச் சூடாக்கும் கம்பிச்சுருள்தான் காயில், இந்த கீசரில் இருப்பது ஒன்றே ஒன்று. அது போய்விட்டால் தண்ணீர் துளிகூடச் சூடாகாது. வெதுவெதுப்பாக வருகிறது என்றாலே காயில் உயிரோடு இருக்கிறது என்றுதானே பொருள்!

அவரை அனுப்பிவிட்டு மீட்டரை எடுத்தேன். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது, கீசருக்கு மின்சாரம் வரும் பிரேக்கரான எம்சிபியையே கீழே இறக்கிவிட்டு, டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கீசரைத் தொட வேண்டும். காயிலின் இரண்டு முனைகளிலிருந்தும் ஒயரைக் கழற்றிவிட்டு மின்தடையை அளந்தேன். 26 ஓம். 2000 வாட் காயில், 230 வோல்ட். 230ஐ 230ஆல் பெருக்கி 2000ஆல் வகுத்தால் 26.45 வரும், நல்ல காயிலில் இருக்க வேண்டிய ஓம் அதுதான். மீட்டரில் 26! அந்த எண்ணை அப்படியே படம் எடுத்து வைத்திருக்கிறேன், இதோ திரையில் காட்டுகிறேன். காயில் கல் மாதிரி நன்றாக இருக்கிறது. இதைப் பார்க்காமல் 2,800 கேட்கிறார்கள், தெருவில் எத்தனை பேர் கொடுத்திருப்பார்களோ!

அடுத்து வோல்டேஜ். எங்கள் தண்டையார்பேட்டையில் கோடைக்கால இரவுகளில் வோல்டேஜ் படுத்துவிடும், உங்கள் பக்கமும் அப்படித்தான் இருக்கும். 190க்கு இறங்கினால் 2000 வாட் காயில் 1365 வாட் அளவுக்குத்தான் வேலை செய்யும், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அதனால் மெதுவாகச் சூடானால் அதையும் பாருங்கள். எங்கள் வீட்டில் காலையில் 228 இருந்தது. ஆகவே அதுவும் இல்லை.

அப்போதுதான் சிவப்பு விளக்கைக் கவனித்தேன். போட்ட சில நிமிடங்களில் அணைந்தது, பிறகு எரிந்தது, மறுபடியும் அணைந்தது. சூட்டின் அளவைப் பார்த்து மின்சாரத்தை நிறுத்தும் தெர்மோஸ்டாட், தண்ணீர் சூடாகும் முன்பே நிறுத்திக்கொண்டிருக்கிறது. ஏன்? காயிலைச் சுற்றியும் தெர்மோஸ்டாட் நுழையும் குழாயைச் சுற்றியும் உப்பு கட்டியிருக்கிறது. சூடு தண்ணீருக்குப் போகாமல் அங்கேயே தேங்குகிறது, தெர்மோஸ்டாட் தண்ணீர் கொதித்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறது. இதுதான் நோய்.

உப்பு எங்கிருந்து வந்தது என்று வடசென்னைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? தரைக்கடித் தொட்டியான சம்பைக் கழுவிய வீடியோவிலேயே பார்த்தீர்கள். குழாயில் வரும் மெட்ரோ தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் பிடித்து வைத்துக்கொள்கிறோம், குளிக்க போர்வெல் தண்ணீர்தான். அந்தத் தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்து சூடு பட்டதும் பிரிந்து, எது அதிகம் சுடுகிறதோ அதன் மேலேயே போய் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் குழாயில் மெல்லிசாகப் படிவது காயிலில் விரல் தடிமனுக்குக் கட்டுகிறது.

சரி, காயிலைக் கழற்றினேன். இருங்கள், அதற்கு முன்னால் ஒன்று இருக்கிறது: உள்ளே வரும் தண்ணீரின் வால்வை மூடி, தொட்டியை முழுவதும் வடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் அத்தனையும் தலையில்தான்.

நட்டுகளில் ஒன்று துருப்பிடித்து அசையவே இல்லை. மண்ணெண்ணெய் விட்டேன், தட்டிப் பார்த்தேன், ஸ்பேனர் வழுக்கியது. தெருமுனை சைக்கிள் கடை அண்ணன் பாக்ஸ் ஸ்பேனரைக் கொடுத்து, "முதலில் கொஞ்சம் இறுக்கும் பக்கம் திருப்பும்மா, அப்புறம் கழற்று" என்றார். அப்படியே செய்தேன், 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான், கையாலேயே சுழன்று வந்துவிட்டது. அந்தச் சத்தத்தைப் பதிவு செய்யாமல் போனதுதான் எனக்கு மனக்குறை.

வெளியே வந்த காயிலை எலுமிச்சை உப்பு கரைத்த வெந்நீரில் ஊற வைத்தேன். கடையில் சிட்ரிக் அமிலம் என்று கேட்டாலும் கொடுப்பார்கள். போட்டவுடன் நுரைத்துக்கொண்டு வந்தது. தயவுசெய்து கழிப்பறை கழுவும் ஆசிட்டை ஊற்றாதீர்கள், அது தொட்டியையும் காயிலையும் சேர்த்துப் பதம் பார்த்துவிடும். தொட்டிக்குள் கையை விட்டு மரக்கரண்டியால் சுரண்டினேன். இரும்பு கூடாது, உள்பூச்சு பெயர்ந்துவிடும்.

காயிலோடு மெக்னீசியம் ராடு ஒன்று இருக்கும், அதைச் சொல்லாமல் போகிறேனே! தொட்டி துருப்பிடிக்காமல் இருக்கத் தன்னையே கரைத்துக்கொள்ளும் ராடு அது. எங்களுடையது விரல் தடிமன் இருந்திருக்க வேண்டும், நடுவில் இருக்கும் கம்பி மட்டும் மிஞ்சியிருந்தது, அதிலும் சாம்பல் நிறத்தில் இரண்டு துணுக்கு. உப்புத் தண்ணீரில் சீக்கிரமே கரைந்துவிடும், இதை மாற்றுங்கள் என்று எந்த மெக்கானிக்கும் சொல்வதில்லை.

இப்போது கேஸ்கெட், தண்ணீர் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம். பழைய ரப்பரைத் திரும்பப் போட்டால் ஒழுகும். அந்த மெக்கானிக்குக்கே போன் செய்து விலை கேட்டேன், 350 ரூபாய் என்றார். ஒரு ரப்பர் வளையத்துக்கு 350! தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி மண்ணடியில் இறங்கினேன். பழையதை எடுத்துக்கொண்டு போனதால் கடைக்காரர் மேலே வைத்துப் பார்த்து, அதே அளவில் எடுத்துக் கொடுத்தார். 60 ரூபாய். அறுபது! பேரம்கூடப் பேசவில்லை. ராடு 260, எலுமிச்சை உப்பு 60. மொத்தம் 380 ரூபாய், மெட்ரோ டிக்கெட் தனி.

எல்லாவற்றையும் மாட்டிய பிறகு முதலில் தண்ணீரைத் திறந்து, சுடுதண்ணீர்க் குழாயில் காற்று எல்லாம் போய்த் தாரை சீராக விழும் வரை காத்திருங்கள். அதன் பிறகுதான் எம்சிபி. காலித் தொட்டியில் காயில் எரிந்தால் அப்போது நிஜமாகவே போய்விடும்.

கணக்குப்படி 15 லிட்டரை 28 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக 2000 வாட்டுக்குச் சுமார் 17 நிமிடம் வேண்டும். எங்கள் கீசரில் 18 நிமிடத்தில் விளக்கு அணைந்தது. நடுவில் ஒரு முறைகூட அணையவில்லை. அப்பா வாளியில் கை வைத்துவிட்டு, "பச்சைத் தண்ணீர் கலக்கம்மா, சுடுகிறது" என்றார்.

திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் இருப்பவர்கள் உங்கள் ராடு எத்தனை வருடம் தாங்கியது என்று கீழே எழுதுங்கள், எனக்கு உண்மையிலேயே தெரிய வேண்டும். ஆ, நட்டின் அளவைச் சொல்லவில்லையே, எங்கள் கீசருக்கு 10ஆம் எண் பாக்ஸ் ஸ்பேனர் பொருந்தியது.