தனி ஆவர்த்தனத்தின் நடுவில் கரண்ட் போன கதை

வணக்கம் மக்களே. முகம் சரியாகத் தெரியவில்லை என்று திட்டாதீர்கள். கரண்ட் போய் முக்கால் மணி நேரம் ஆகிறது. எமர்ஜென்சி விளக்கை பிரிட்ஜ் மேல் வைத்து, அந்த வெளிச்சத்தில்தான் பேசுகிறேன். புது ஹெட்போன் பற்றிப் பேசுவதாகச் சொல்லியிருந்தேன், அது அடுத்த வாரம். இருட்டில் சும்மா உட்கார்ந்திருந்தபோது ஒரு கச்சேரி ஞாபகம் வந்துவிட்டது. நேரில் போய்க் கேட்டதில் எனக்கு இன்றுவரை மறக்காத கச்சேரி அதுதான். அன்றைக்கும் இப்படித்தான், கரண்ட் போனது.

சென்னை, மார்கழி மாதம். சீசன் நேரம். 1927 டிசம்பரில் இங்கே காங்கிரஸ் மாநாடு நடந்தபோது கூடவே ஓர் இசை மாநாடும் நடத்தினார்கள். அதன் தொடர்ச்சியாக 1928இல் மியூசிக் அகாடமி வந்தது, டிசம்பர் என்றால் கச்சேரி என்று ஆனது அப்படித்தான். இப்போது ஊர் முழுக்க சபா. மாலைக் கச்சேரிக்கு டிக்கெட் எடுக்க வேண்டும், மத்தியானக் கச்சேரி பல சபாக்களில் இலவசம். மத்தியானம் பாடுகிறவர்கள் பெரும்பாலும் சின்ன வயசுக்காரர்கள், கேட்கிறவர்கள் பெரும்பாலும் ரிட்டயர் ஆனவர்கள். பாதிப் பேர் கண்ணை மூடியிருப்பார்கள். ரசிக்கிறார்களா தூங்குகிறார்களா என்று கண்டுபிடிக்கவே முடியாது.

என்னை அழைத்துப் போனது பெரியப்பா. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நான் போனது கேண்டீனுக்கு. வாழைக்காய் பஜ்ஜி நன்றாக இருக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அதனால் எப்போது எழுந்திருக்கலாம் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கச்சேரிக்குப் போகிறவர்களுக்குத் தெரியும், எழுந்திருக்க ஒரு நேரம் உண்டு. தனி ஆவர்த்தனம். பாடகர் மெயின் பாட்டைப் பாடி முடிக்கிற கட்டத்தில் மிருதங்கத்துக்கும் கடத்துக்கும் வழிவிட்டு ஒதுங்கிக்கொள்வார், தாளம் மட்டும் போடுவார். அந்த நிமிஷத்தில் ஹாலில் பாதி காலியாகும். இரண்டு மணி நேரம் பக்கவாத்தியமாக வாசித்தவர்கள் தங்களுக்கென்று வாசிக்கக் கிடைப்பது அந்தப் பத்துப் பதினைந்து நிமிஷம்தான், அப்போது பார்த்து நாம் காபி குடிக்கப் போகிறோம். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான், ஒளிக்க ஒன்றுமில்லை.

அன்றைக்கு சங்கராபரணம் ராகத்தில் மெயின். பாடினது ஓர் இளம்பெண். தனி தொடங்கியதும் நான் எழுந்தேன். பெரியப்பா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "உக்காருடா. பஜ்ஜி எங்கேயும் ஓடிப்போகாது."

"இல்ல பெரியப்பா, பாத்ரூம்..."

"அதுவும் ஓடிப்போகாது."

உட்கார்ந்தேன். ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும், பட்டென்று எல்லாம் போனது. விளக்கு, ஏசி, மைக், ஸ்பீக்கர், எல்லாம். ஜெனரேட்டர் ஏதோ காரணத்தால் கிளம்பவில்லை. மேடையில் பக்கவாட்டுக் கதவு வழியாக வருகிற வெயில் மட்டும்தான்.

மிருதங்கக்காரர் நிறுத்தவில்லை. நிறுத்தவும் முடியாது, தாளம் ஓடிக்கொண்டிருக்கிறதே. ஆனால் சத்தம் சட்டென்று சின்னதாகிவிட்டது. அதுவரைக்கும் ஸ்பீக்கரிலிருந்து வந்த இடி மாதிரியான சத்தம் போய், மேடையில் ஒரு மனிதர் விரலால் தோலைத் தட்டுகிற சத்தம் மட்டும். எங்களுக்குச் சரியாகக் கேட்கவில்லை. யாரும் யாருக்கும் சொல்லவில்லை, எல்லோரும் எழுந்து முன்வரிசைக்குப் போனோம். நாற்பது பேர் இருந்தால் அதிகம். நான் மேடையை ஒட்டித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அங்கிருந்து பார்த்தால்தான் மிருதங்கம் என்பது என்ன என்று தெரிகிறது. வலது பக்கத்துக்கு வலந்தலை என்று பெயர், நடுவில் கருப்பாக வட்டம் இருக்கும் பாருங்கள், அது உள்ள பக்கம். இடது பக்கம் தொப்பி. தொப்பியின் நடுவில் ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து அடை மாதிரி ஒட்டியிருப்பார்கள், அந்தக் கனத்தில்தான் தொப்பியில் அந்த 'கும்' வருகிறது. கச்சேரி முடிந்ததும் சுரண்டி எடுத்துவிடுவார்கள். நான் உட்கார்ந்த இடத்திலிருந்து அந்த ரவை காய்ந்து ஓரத்தில் வெடித்திருந்தது வரைக்கும் தெரிந்தது. அவர் ஒரு சின்ன இடைவெளியில் விரலைத் தண்ணீரில் தொட்டு அதைத் தடவிக்கொண்டார். கடம் வாசித்தவர் பானையின் வாயை வயிற்றோடு அழுத்தி, கொஞ்சம் விலக்கி, மறுபடி அழுத்தி வாசித்தார். ஒவ்வொரு தடவைக்கும் சத்தத்தின் அடிப்பகுதி மாறுகிறது. மைக்கில் இதெல்லாம் எங்கே போகிறது என்று தெரியவில்லை.

இன்னொன்று. பாடுகிறவருக்கு விடாமல் சுருதி கொடுக்கிற மின்சார சுருதிப் பெட்டியும் கரண்டோடு போய்விட்டது. அப்புறம்தான் தெரிந்தது, பின்னால் ஒரு பெண் அதே சுருதிக்கு நிஜத் தம்பூராவை வைத்து மீட்டிக்கொண்டே இருக்கிறார். கச்சேரி முழுக்க அவர் அங்கேதான் இருந்திருக்கிறார். எனக்கு அப்போதுதான் காதில் விழுந்தது.

இரண்டு பேரும் மாற்றி மாற்றி வாசித்து, நீளத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, மோரா என்கிற முத்தாய்ப்பு, கடைசியில் கோர்வை என்கிற பெரிய முத்தாய்ப்பு. கோர்வையை மூன்று தடவை வாசித்துப் பாட்டின் எடுப்பில், அதாவது பாட்டு தொடங்குகிற இடத்தில், கொண்டுவந்து போட வேண்டும். இப்போது பாடகி மைக் இல்லாமல் எடுத்துப் பாட வேண்டும். எடுத்தார். குரல் கொஞ்சம் நடுங்கியது, ஆனால் ஹாலில் மூச்சுச் சத்தம்கூட இல்லை, நன்றாகவே கேட்டது. கைதட்டல் அதற்கப்புறம்தான்.

வெளியே வரும்போது பெரியப்பா பாலக்காடு மணி ஐயரைப் பற்றிச் சொன்னார். மிருதங்கக் கலைஞர்களில் முதன்முதலாக மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி பட்டம் வாங்கியவர், 1966இல். அவர் கச்சேரிக்கு மைக் கூடாது என்று சொன்னவர். இதற்கு முன்பு என்றால் எனக்கு அது பெரியவர்களின் பிடிவாதமாகத் தோன்றியிருக்கும். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், மைக்கே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆயிரம் பேர் உட்காருகிற ஹாலில் கடைசி வரிசைக்காரருக்கு என்ன பதில்? மைக் வருவதற்கு முன்னால் நாலு கட்டை, ஐந்து கட்டை என்று உயர்ந்த சுருதியில் தொண்டை கிழியப் பாடினார்கள். இப்போது ஆண்கள் ஒரு கட்டையில் நிதானமாகப் பாட முடிகிறது என்றால் அது மைக் கொடுத்த வசதிதான். நாற்பது பேர் இருக்கிற ஹாலுக்கும் நாலு ஸ்பீக்கர் எதற்கு என்பதுதான் என் கேள்வி.

இதற்கு நேர் எதிரான அனுபவம் திருவையாறு. தியாகராஜர் நினைவாக அங்கே வருஷாவருஷம் நடக்கிற ஆராதனைக்கு ஒரு வருஷம் போனேன். காவிரிக் கரையில் தியாகராஜர் சமாதி, பனி, கூட்டம். அவருடைய பஞ்சரத்னக் கீர்த்தனைகள் ஐந்தையும் நூற்றுக்கணக்கானவர்கள் சேர்ந்து பாடுகிறார்கள். ஐந்தும் ஐந்து ராகம்: நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ. தனியாக யாருடைய குரலும் கேட்காது, பக்கத்தில் இருந்த மாமி பாடுவதுதான் எனக்குக் கேட்டது. அவர் வராளியில் மட்டும் நிறுத்திவிட்டு வாயைத் திறக்கவில்லை. வராளியை குரு நேராகச் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்று ஒரு நம்பிக்கை உண்டு, அதனால் கற்றுக்கொள்ளவே இல்லையாம். சமாதிக்குப் பக்கத்திலேயே பெங்களூர் நாகரத்தினம்மாளின் சமாதியும் இருக்கிறது. தியாகராஜருக்கு அந்தக் கோயிலைத் தன் சொத்தைப் போட்டுக் கட்டியவர் அவர்தான், பெண்கள் அங்கே பாட முடியாமல் இருந்த காலத்தில் தனியாகப் பெண்களைச் சேர்த்துப் பாட வைத்தவரும் அவரே. அந்த மாமி அங்கே போய் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் கிளம்பினார். திருவையாற்றைப் பற்றித் தனியாக ஒரு வீடியோ போட வேண்டும், இதில் அடங்காது.

சரி, சபா கதைக்கு வருகிறேன், முடிக்கவில்லையே. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் வந்தது. மைக் 'கீ' என்று கத்தியது. முன்வரிசையில் ஒரு தாத்தா திரும்பி, "ஆஃப் பண்ணுப்பா அதை!" என்று போட்ட சத்தம் ஹால் முழுக்கக் கேட்டது, மைக் இல்லாமலேயே. மைக்காரரும் அணைத்துவிட்டார். மிச்சக் கச்சேரி முழுக்க அப்படியே நடந்தது. கேண்டீனுக்குப் போனபோது பஜ்ஜி தீர்ந்திருந்தது. ஓடிப்போகாது என்றாரே பெரியப்பா!

அன்றைக்கு இருட்டில் என் போனில் பதிவு செய்தது இருக்கிறது. நாற்பது நொடிதான். படம் ஒன்றும் தெரியாது, கேட்கத்தான் வேண்டும். நடுவில் பளார் பளார் என்று கேட்பது மிருதங்கம் இல்லை, பெரியப்பா தொடையில் போடுகிற தாளம். இதோ போடுகிறேன், ஹெட்போன் மாட்டிக்கொள்ளுங்கள்.