கருப்பைக்கு எதற்கு வாய்?

(சமூக மன்றத்தில் நடந்த பெற்றோர் சந்திப்பில் ஆற்றிய உரை)

பெற்றோர்களே, வணக்கம்.

அமெரிக்காவில் மிசிசிப்பி என்று ஒரு மாநிலம். பருத்தி வயலும் சிற்றூருமாகக் கிடக்கும் ஊர். பதின்ம வயதுப் பெண்கள் தாயாகும் விகிதம் அந்த நாட்டிலேயே மிக அதிகமாக உள்ள மாநிலங்களில் ஒன்று. 2011இல் அங்கே ஒரு சட்டம் இயற்றினார்கள். ஒவ்வொரு கல்வி வட்டாரமும் பாலியல் கல்விக்கு ஒரு கொள்கை வகுக்க வேண்டும். திருமணம்வரை விலகியிருங்கள் என்று மட்டும் கற்பிக்கலாம். அல்லது கருத்தடையைப் பற்றியும் சேர்த்துச் சொல்லலாம். ஆனால் ஆணுறையைப் பயன்படுத்தும் முறையைச் செய்துகாட்டக் கூடாது. ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் தனித்தனியே உட்கார வேண்டும். பெற்றோர் கையெழுத்துப் போட்டு அனுப்பினால்தான் பிள்ளை வகுப்புக்குள் போகலாம்.

அந்தக் கடைசி விதிதான் என்னை உறுத்துகிறது. எந்த வீட்டில் இதைப் பற்றிப் பேச்சே இல்லையோ, அந்த வீட்டுப் படிவம்தான் புத்தகப்பையின் அடியில் கசங்கிக் கிடக்கும். பாடம் மிகவும் தேவைப்படும் பிள்ளை வெளியே நிற்கும்.

சிங்கப்பூரில் இது நேர்மாறு. வேண்டாம் என்று நாம் தெரிவித்தால்தான் பிள்ளைக்கு விலக்கு. நல்ல ஏற்பாடு. ஆனால் பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ளும் என்று நாம் இருந்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன்.

என் மகள் உயர்நிலை 1இல் தடுப்பூசிப் படிவம் கொண்டுவந்தாள். அந்த வகுப்பு மாணவிகளுக்கு 2019 முதல் பள்ளியிலேயே இலவசமாகப் போடுகிறார்களே, எச்பிவி என்ற கிருமிக்கு எதிரான தடுப்பூசி, அதற்கான படிவம். கருப்பை வாய்ப் புற்றுநோய் வராமல் இருக்க என்றேன்.

"கருப்பைக்கு எதுக்கும்மா வாய்?"

தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. "போய்ப் படி" என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. கையைக் கழுவிவிட்டு, மின்கட்டண ரசீதின் பின்பக்கத்தில் தலைகீழாகப் பிடித்த பேரிக்காய் மாதிரி வரைந்தேன். கீழே குறுகலாக இருக்கிறதே, அதுதான் வாய். நீ வெளியே வந்த வழி என்றேன்.

கிருமி எப்படி உள்ளே போகும் என்று அடுத்த கேள்வி. உடலுறவில் பரவும், அதனால்தான் அதற்கெல்லாம் வெகுமுன்பே ஊசி போடுகிறார்கள் என்றேன். எனக்குத்தான் வியர்த்தது. அவள் முகத்தில் கூச்சமே இல்லை.

மகன்களைப் பெற்றவர்களும் கேளுங்கள். 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவரோடு உடலுறவு கொள்வது, அவர் சம்மதித்தாலும், இங்கே குற்றம். பையனிடம் அதை யார் சொல்வது?

அன்றிரவு அறையை எட்டிப் பார்த்தேன். அந்த ரசீதைத் தம்பியிடம் காட்டி விளக்கிக்கொண்டிருந்தாள். நான் தடுக்கவில்லை.